தோற்றவருக்கு முதல் தேர்வு: ‘டேங்கிங்’ என்றால் என்ன?

2023 ஜனவரி 8, இண்டியானாபொலிஸ் நகரம். ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். அதற்கு முன் ஆடிய 16 ஆட்டங்களில் வென்றவை இரண்டே இரண்டு. இதிலும் 24-31 என்று பின்தங்கியிருந்தது. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. கையில் இருந்தது ஒரே முயற்சி; அதில் 20 யார்டு முன்னேறாவிட்டால் கதை முடிந்தது. ஹூஸ்டனின் டேவிஸ் மில்ஸ் பந்தை உயரத் தூக்கி எறிந்தார். அது சக வீரர் ஜோர்டன் ஏகின்ஸின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 28 யார்டு, டச்டவுன்: ஆறு புள்ளி. அடுத்து எடுத்த இரண்டு புள்ளி முயற்சியும் பலித்தது. 32-31.

தங்கள் அணி வென்றதைப் பார்த்த ஹூஸ்டன் ரசிகர்கள் பலர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அந்த ஆட்டத்தில் தோற்றிருந்தால் நாட்டின் மிகச் சிறந்த இளம் வீரரை எல்லோருக்கும் முன்பாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு உறுதியாகியிருக்கும். வென்றதால் அந்த உரிமை சிகாகோ பேர்ஸ் அணிக்குப் போனது. வென்ற பயிற்சியாளர் லவி ஸ்மித்துக்கு அன்றிரவே வேலையும் போனது.

அமெரிக்கன் ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் நம்மவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். “வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்றால் எல்லாம் சூதாட்டம்தானே” என்பது ஒரு கட்சி. “எப்படியும் கோப்பை கிடையாது, தோற்றுத் தொலைப்பதுதானே புத்திசாலித்தனம்” என்பது எதிர்க்கட்சி. இரண்டுமே பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்க்க ஃபுட்பால் விதிகள் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

தெரு கிரிக்கெட்டில் தொடங்குவோம்

உங்கள் தெருவில் பையன்கள் தினமும் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடுகிறார்கள். இரண்டு கேப்டன்கள், ஆளுக்கு ஒருவராக மாற்றி மாற்றிப் பையன்களை எடுக்கிறார்கள். முதலில் யார் எடுப்பது என்பதில் தினமும் சண்டை. கடைசியில் ஓர் அண்ணன் பஞ்சாயத்துச் செய்கிறார்: “நேற்று தோற்றவன் இன்று முதலில் எடுக்கட்டும்.” நியாயமான தீர்ப்பு. ஒரே அணி தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தால் ஆட்டம் சலித்துவிடும் அல்லவா?

இப்போது பக்கத்துத் தெருவுக்குப் புதிதாக ஒரு பையன் குடி வருகிறான். அபாரமாகப் பந்து போடுவான், ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட வருகிறான் என்று செய்தி. சனிக்கிழமை ஆட்டத்தில் எந்தக் கேப்டனுக்கு ஜெயிக்கும் ஆசை இருக்கும்?

அண்ணன் சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் தோல்விக்கு ஒரு விலை வந்துவிட்டது.

அசல் ஏற்பாடு

அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக் என்.எஃப்.எல். அதில் 32 அணிகள். ஆண்டுதோறும் கல்லூரி அணிகளிலிருந்து வெளிவரும் வீரர்களை இந்த 32 அணிகளும் வரிசையாக, ஏழு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கின்றன. இதற்குப் பெயர் டிராஃப்ட். சென்ற பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் தேர்வு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசித் தேர்வு. இரண்டு அணிகளின் வெற்றி தோல்விக் கணக்கு சமமாக இருந்தால், எளிய எதிரிகளோடு மோதியும் தேறாத அணிக்கு முன்னுரிமை. தோல்வியைக்கூட எவ்வளவு கவனமாக எடை போடுகிறார்கள் பாருங்கள்.

இந்த யோசனையை 1935-இல் முன்வைத்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல். பணக்கார அணிகளே நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. பெல்லின் அணியோ அந்த ஆண்டு படுதோல்வி கண்ட அணி. ஆகவே 1936-இல் நடந்த முதல் டிராஃப்டில் முதல் தேர்வு அவருக்கே கிடைத்தது. ஜே பெர்வேங்கர் என்ற கல்லூரி நட்சத்திரத்தை எடுத்தார். அந்த மனிதர் என்.எஃப்.எல். பக்கமே வரவில்லை, ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. முதல் தேர்வு என்பதை வெற்றிக்கான உத்தரவாதமாக நினைப்பவர்கள் இந்தத் தொடக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

நாம் அறிந்த லீக்குகளில் இந்தச் சிக்கல் இல்லை. ஐ.பி.எல்.லில் வீரர்கள் ஏலத்தில் வருகிறார்கள். கடைசி இடத்துக்கு அங்கே தனிச் சலுகை கிடையாது. 2025-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் முதன்முறையாகப் பட்டியலின் அடியில் முடித்தது. அதற்காக அடுத்த ஏலத்தில் அவர்களுக்கு யாரும் தனி வரிசை போடவில்லை. இங்கிலாந்துக் கால்பந்தில் நிலைமை இன்னும் கடுமை: கடைசி மூன்று அணிகள் பிரீமியர் லீக்கை விட்டே கீழே தள்ளப்படும். அங்கே தோற்றால் தண்டனை. அமெரிக்காவில் தோற்றால் ஆறுதல் பரிசு. அந்தப் பரிசுக்காக ஓர் அணி தன் வெற்றி வாய்ப்பைத் தானே குறைத்துக்கொள்வதுதான் டேங்கிங்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பலவீனமான அணியைத் தூக்கிவிட டிராஃப்ட் வந்தது. கடைசி இடத்துக்குப் பரிசு இருப்பதால், கோப்பை வாய்ப்பு போன பிறகு தோல்வியில் லாபம் இருப்பதுபோல் தெரிகிறது. அந்த லாபம் எவ்வளவு பெரியது என்பது அடுத்த கேள்வி.

ஒரே ஒரு ஆளுக்காக இவ்வளவு அமளி

ஃபுட்பாலில் களத்தில் ஒரு பக்கம் 11 பேர். அணியின் முழுப் பட்டியலில் 53 பேர். இவர்களில் ஒருவர் மட்டும் மற்றவர்களோடு ஒப்பிடவே முடியாத அளவு முக்கியமானவர்: குவார்ட்டர்பேக். தாக்குதலின்போது ஒவ்வொரு முறையும் பந்து முதலில் இவர் கைக்கு வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவு செய்பவர் இவர். நல்ல குவார்ட்டர்பேக் இல்லாத அணி, ஓட்டுநர் இல்லாத பஸ். மற்ற பாகங்கள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வண்டி நகராது. டேங்கிங் பற்றிய கூச்சல் பெரும்பாலும், அந்த ஆண்டு கல்லூரியிலிருந்து நல்ல குவார்ட்டர்பேக் வருகிறாரா என்பதைப் பொறுத்தே எழும்.

இதற்கு மேல் ஒரு பணக் கணக்கும் உண்டு. ரசிகர்கள் பேசாத, ஆனால் அணி நிர்வாகிகள் தூக்கத்திலும் மறக்காத கணக்கு. ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்று என்.எஃப்.எல். ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. இதைச் சம்பள வரம்பு என்பார்கள். 2024-இல் அது சுமார் 25.5 கோடி டாலர். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவதைப் போலத்தான்: வாடகை பாதியை விழுங்கிவிட்டால் மளிகைக்குக் கை கடிக்கும்.

டிராஃப்டில் வரும் புதியவரின் சம்பளம் பேரம் பேசி முடிவாவதல்ல. எத்தனையாவது தேர்வு என்பதை வைத்து ஏறத்தாழ நிர்ணயமாகிவிடும். முன்பு இப்படி இல்லை. 2010-இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். மறு ஆண்டு விதி மாறியது. 2011-இன் முதல் தேர்வு கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடிதான். முதல் தேர்வின் விலை ஓர் இரவில் சரிந்தது, ஆகவே அதன் கவர்ச்சி கூடியது.

ஒரே மனிதரை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2020-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் முதலில் எடுத்த குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ. அவருடைய முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 3.6 கோடி டாலர். ஆண்டுக்குத் தொண்ணூறு லட்சம். 2023-இல் போட்ட புதிய ஒப்பந்தத்தில் அதே பர்ரோவின் விலை ஆண்டுக்குச் சராசரியாக 5.5 கோடி. இடைப்பட்ட அந்த மலிவான ஆண்டுகளில் மிச்சமாகும் பணத்தில் மற்ற நல்ல வீரர்களை வாங்கிப் போடலாம். பெங்கால்ஸ் அவருடைய இரண்டாவது பருவத்திலேயே சூப்பர் பவுல் இறுதி ஆட்டம் வரை போனது. மற்ற அணிகள் ஆசைப்படுவது இதற்குத்தான்.

ஆக, லாபம் உண்மையானது. இவ்வளவு தூரம் “தோற்றுத் தொலை” கட்சிக்காரர்கள் சொல்வது சரி. அவர்கள் சறுக்குவது அடுத்த படியில்.

‘அணி’ என்பது யார்?

“அணி தோற்க வேண்டும்” என்று சொல்லும்போது, அணிக்கு ஒரே மண்டை, ஒரே விருப்பம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அங்கே உரிமையாளர் இருக்கிறார், ஆட்களைத் தேர்வு செய்யும் பொது மேலாளர் இருக்கிறார், பயிற்சியாளர் இருக்கிறார், 53 வீரர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டின் நல்ல தேர்வால் யாருக்கு லாபம்? உரிமையாளருக்கு நிச்சயமாக. மேலாளருக்கு, அதுவரை வேலை நிலைத்தால். பயிற்சியாளர்? தோல்விகளைக் காட்டித்தான் அவரை அனுப்புவார்கள். புதிய குவார்ட்டர்பேக்கை அனுபவிப்பவர் அடுத்து வருபவர். வீரர்களுக்கோ லாபம் துளியும் இல்லை. அவர்களுடைய ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை முழு உத்தரவாதம் இல்லாதவை. ஒவ்வொரு ஆட்டமும் படமாகிறது; அந்தப் படங்கள்தான் அடுத்த வேலைக்கான விண்ணப்பம். போதாக்குறைக்கு, வரப்போகும் புதியவர் இவர்களில் ஒருவரின் இடத்தைத்தான் பிடிக்கப்போகிறார். தனக்குப் பதிலாக வருபவனுக்கு நல்ல வரிசை எண் கிடைக்கட்டும் என்று எந்தத் தொழிலாளி வேலையைக் கெடுத்துக்கொள்வான்?

2020-இல் நியூயார்க் ஜெட்ஸ் இதற்குச் சரியான சாட்சி. 13 ஆட்டம், 13 தோல்வி. டிரெவர் லாரன்ஸ் என்ற குவார்ட்டர்பேக் அந்த ஆண்டு வருகிறார். பல ஆண்டுகளில் ஒருமுறை வரும் திறமை என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் தேர்வு ஜெட்ஸ் மடியில் விழக் காத்திருந்தது. டிசம்பர் 20 அன்று வலுவான லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 23-20 என்று வீழ்த்தினார்கள். ஆட்டத்தின் முடிவில் பந்தைப் பிடித்து வெற்றியை உறுதி செய்தவர் 37 வயது ஃபிராங்க் கோர். பதினாறாவது பருவம், ஒரு வெற்றிகூட இல்லாத ஆண்டோடு மூட்டை கட்ட அவருக்கு மனமில்லை. அவரிடம் போய் லாரன்ஸ் பற்றிப் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்கலாம். மறு வாரம் இன்னொரு வெற்றி. ஜெட்ஸுக்கு இரண்டு வெற்றி, ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுக்கு ஒன்று. லாரன்ஸ் ஜாக்சன்வில் போனார்.

வீரர்கள் வேண்டுமென்றே தோற்பதில்லை. டேங்கிங் நடக்கிறதென்றால் அது களத்துக்கு மேலே, அலுவலக அறையில்தான் நடக்கிறது.

சூதாட்டத்திலிருந்து எங்கே வேறுபடுகிறது?

மேட்ச் ஃபிக்ஸிங்கில் வெளியாள் ஒருவர் பந்தயத்துக்காகப் பணம் கொடுக்கிறார். ஆடுபவர் களத்தில் ஏமாற்றுகிறார். அது குற்றம். டேங்கிங்கில் நிர்வாகம் பலவீனமான அணியைக் களத்துக்கு அனுப்புகிறது. அனுப்பப்பட்டவர்கள் உயிரைக் கொடுத்து ஆடித் தோற்கிறார்கள். நல்ல விதை நெல்லை விற்றுவிட்டு விளைச்சல் இல்லை என்பதைப் போல.

2019-இல் மயாமி டால்ஃபின்ஸ் செய்தது அப்படித்தான் தெரிந்தது. லேரமி டன்சில், மின்கா ஃபிட்ஸ்பேட்ரிக் போன்ற தரமான இளம் வீரர்களை விற்று எதிர்காலத் தேர்வுகளைச் சேர்த்தார்கள். முதல் ஆட்டத்திலேயே 10-59. தொடர்ந்து ஏழு தோல்விகள். ஆனால் பயிற்சியாளர் பிரையன் ஃப்ளோரஸும் எஞ்சிய வீரர்களும் அடங்கவில்லை. மீதி ஒன்பதில் ஐந்தை வென்றார்கள். முதல் தேர்வு ஐந்தாம் தேர்வானது. மூன்று ஆண்டு கழித்து ஃப்ளோரஸ் ஒரு வழக்குத் தொடுத்தார்: ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு லட்சம் டாலர் தருவதாக உரிமையாளர் ஸ்டீஃபன் ராஸ் சொன்னார் என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. ராஸ் மறுத்தார். அணி வேண்டுமென்றே தோற்கவில்லை என்று லீக்கின் விசாரணை முடிவு சொன்னது. அதேசமயம், வெற்றிக் கணக்கைவிட டிராஃப்ட் இடமே முக்கியம் என்று ராஸ் பலமுறை பேசியதையும் பதிவு செய்தது.

எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பது இதிலிருந்து புரியும். வீரரை விற்பது அனுமதி. தோற்கச் சொல்வது அனுமதி இல்லை. நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பகுதி இருக்கிறது. 2021 ஜனவரி 3 அன்று ஈகிள்ஸ் பயிற்சியாளர் டக் பீடர்சன், மூன்றே புள்ளி பின்தங்கிய நிலையில், நான்காம் கால்பகுதியில் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்து மூன்றாம் வரிசை நேட் சட்ஃபெல்டை இறக்கினார். அவருக்கும் வாய்ப்புத் தர நினைத்ததாகச் சொன்னார். வாஷிங்டன் 20-14 என்று வென்றது. ஈகிள்ஸுக்கு ஒன்பதாம் தேர்வுக்குப் பதில் ஆறாம் தேர்வு கிடைத்தது. எரிச்சலின் உச்சத்துக்குப் போனது அந்த ஆட்டத்திலேயே இல்லாத நியூயார்க் ஜயண்ட்ஸ்: வாஷிங்டன் தோற்றிருந்தால் அவர்கள்தான் பிளே-ஆஃப் போயிருப்பார்கள். டேங்கிங் அந்த அணியின் சொந்த விவகாரம் என்பவர்களுக்கு இந்த ஆட்டத்தைத்தான் நான் காட்டுவேன்.

கையில் இருப்பது ஆள் அல்ல, சீட்டு

இவ்வளவுக்கும் பிறகு முதல் தேர்வு கிடைத்தால் என்ன ஆகும்? இருபத்தொரு, இருபத்திரண்டு வயதுப் பையன் தொழில்முறையில் எப்படித் தேறுவான் என்று கணிப்பது, பெண் பார்க்கப் போன இடத்தில் குடித்த ஒரு காபியை வைத்து நாற்பது ஆண்டு இல்லறத்தைச் சொல்வது போலத்தான். 1998-இல் பேட்டன் மேனிங்கா, ரயன் லீஃபா என்று பெரிய விவாதம் நடந்தது. முதலாமவர் வரலாறு படைத்தார். இரண்டாவதாகப் போனவர் சில ஆண்டுகளில் காணாமல் போனார். 2007-இன் முதல் தேர்வு ஜமார்கஸ் ரஸல் மூன்று பருவங்களோடு முடிந்தார். மறுபக்கம், டாம் பிரேடி 2000-இல் 199-ஆவது தேர்வு. பேட்ரிக் மஹோம்ஸ் 2017-இல் பத்தாவது. எப்படியோ கைநழுவிய முதல் இடம் மட்டும் கிடைத்திருந்தால் என்று அழுபவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை படிக்கலாம்.

நல்ல ஆள் கிடைத்தாலும் வீடு சரியில்லை என்றால் பயனில்லை. லாரன்ஸை எடுத்த ஜாகுவார்ஸ் அவருடைய முதல் பருவத்தில் வென்றது மூன்றே ஆட்டம். மறு ஆண்டும் முதல் தேர்வு அவர்களுக்கே. கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் 2016, 2017 இரண்டு பருவங்களிலும் சேர்த்து வென்றது ஒன்றே ஒன்று, தோற்றது 31. இரண்டு ஆண்டும் முதல் தேர்வு. மைல்ஸ் காரெட் என்ற அருமையான தடுப்பு வீரர் கிடைத்தார்; குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட் நான்கு பருவம் ஆடிவிட்டு வேறு அணிக்குப் போய்விட்டார். இத்தனை தோல்விகளையும் விலையாகக் கொடுத்துக் கிடைத்தது பிளே-ஆஃபில் ஒரு வெற்றி.

பொருளாதாரத்தில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர், கேட் மாஸி என்பவரோடு சேர்ந்து இதை ஆராய்ந்திருக்கிறார். உச்சித் தேர்வுகளுக்கு அணிகள் அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்கின்றன. செலவையும் பலனையும் தட்டில் வைத்தால் சற்றுப் பின்னால் வரும் தேர்வுகள் தரும் லாபம் அதிகம் என்பது அவர்கள் முடிவு. நம்முடைய கணிப்பின் மீது நமக்கே இருக்கும் அதீத நம்பிக்கைதான் காரணம் என்றார்கள்.

கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. 1985-இலிருந்து முதல் தேர்வைக் குலுக்கலில் விடுகிறது. 2019-இல் விதியை மாற்றி, மிக மோசமான மூன்று அணிகளுக்கும் ஒரே வாய்ப்பு, ஆளுக்கு 14 சதவீதம் என்று ஆக்கியது. அங்கே களத்தில் ஐந்து பேர்தான். ஒரே வீரர் ஓர் அணியைத் தலைகீழாக மாற்றிவிட முடியும், ஆகவே சபலமும் அதிகம். ஃபுட்பாலில் ஒரு குவார்ட்டர்பேக் மட்டும் போதாது. அவரைக் காக்கவே ஐந்து பேர் வேண்டும்.

என்னைக் கேட்டால், வயதான வீரர்களை விற்று, இளைஞர்களை இறக்கி, அதனால் ஓர் ஆண்டு அடிவாங்குவது நேர்மையான விவசாயம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் களத்தில் இறங்கிய பிறகு ஜெயிக்கக்கூடிய ஆட்டத்தை வரிசை எண்ணுக்காக விடுவது, இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கும் வேலை. அந்த எண்ணின் மதிப்பு, விட்டுக்கொடுப்பவர்கள் நினைப்பதைவிடக் குறைவு.

ஹூஸ்டனுக்கு வருவோம். வென்றதால் இரண்டாம் தேர்வுக்கு இறங்கிய டெக்ஸன்ஸ் அதில் சி.ஜே. ஸ்ட்ரவுட் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அடுத்த பருவத்தில் பத்து வெற்றி, பிளே-ஆஃப். அந்த ஆண்டின் சிறந்த புதிய தாக்குதல் வீரர் விருது ஸ்ட்ரவுடுக்கு. முதல் தேர்வைப் பெற்ற சிகாகோ பேர்ஸ் அதைக் கரோலினா பாந்தர்ஸுக்கு விற்றது. பாந்தர்ஸ் பெரும் விலை கொடுத்தது. அதில் தன்னுடைய அடுத்த ஆண்டு முதல் சுற்றுத் தேர்வும் அடக்கம். வாங்கிய சீட்டில் பிரைஸ் யங்கை எடுத்து, 2023 பருவத்தில் 15 ஆட்டங்களில் தோற்று, லீக்கிலேயே கடைசி இடத்தில் முடித்தது. அதற்கான முதல் தேர்வு சிகாகோவுக்குப் போனது.